பதினைந்து நிமிடங்களுக்கு மேல்

கணினி மையத்துக்கு இறங்கும் படிகள் மொத்தம் இருபத்திரண்டு. அங்கே மாணவியாக இருந்த இரண்டு வருடங்களில் நான் அவற்றை எண்ணியதில்லை. மையப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் எண்ணினேன். மேலே, தரைத்தளத்தில் இருக்கும் ஊழியர்களின் குழந்தைகள் காப்பகத்தில் என் ஐந்து மாத மகளை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் எத்தனை படிகள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"நிம்மதியாப் போங்க மேடம்," என்று காப்பகத்து அக்கா சிரித்தபடி வழியனுப்பியிருந்தார். "முதல் நாள் குழந்தைங்க யாரும் அழறதில்ல. அம்மாக்கள்தான் அழறாங்க. உங்களுக்கும் ஒரு தொட்டில் போட்டு வைக்கவா?"

நானும் சிரித்தேன்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குழல் விளக்குகள்தான். ஏசி இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குபவரைப் போல் ஒரு சத்தம் போடும். ஈரமான தரைவிரிப்பு, சூடான பிளாஸ்டிக், தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் பெண்கள் கழிப்பறையிலிருந்து வரும் பினாயில். மூன்று வாடைகளும் நான்கு வருடங்களாக எனக்காகக் காத்திருந்தவை போல வரிசையாக வந்து மூக்கில் ஏறின. கணினிகளை மாற்றியிருந்தார்கள். நாற்காலிகளை மாற்றவில்லை.

சுவரில் அதே விதிப்பலகை. மாணவர்கள் ஒவ்வொருவரும் சேர்ந்த அன்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் விதிகள். அடுத்தவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தாதே, படம் தரவிறக்காதே, உணவு கொண்டுவராதே. எனக்கு அதில் ஒன்பதாவது மட்டும் மனப்பாடம்.

'திரையைப் பூட்டிவிட்டுப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கையை விட்டு விலகியிருந்தால், அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்து வேறொருவர் பயன்படுத்தலாம். சேமிக்கப்படாத வேலைக்கு மையம் பொறுப்பல்ல.'

நியாயமான விதிதான். நாற்பது கணினிகள், நானூறு மாணவர்கள். பையை வைத்து இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை வேறு எப்படி அடக்குவது? யாருக்கும் அதில் தப்பு தெரியாது.

எனக்கு மட்டும் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன், ஆய்வேடுகளை ஒப்படைக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணி கெடு. என்னுடைய ஒரு அட்டவணை தப்பாகியிருந்ததை மதியம்தான் கண்டுபிடித்தேன். அதைத் திருத்தத் தேவையான புள்ளியியல் மென்பொருள் நான்கு கணினிகளில்தான் இருந்தது. நான்கிலும் ஆள். பதினேழாம் எண்ணில் நத்தை.

அவளை வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். முதுகில் எந்நேரமும் பெரிய பை, மெதுவான நடை, படியேறினால் மூச்சு வாங்கும். "வீட்டோட கிளம்பிட்டியா?" என்று பையன்கள் கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். தன்னைக் கேலி செய்பவர்களோடு சேர்ந்து சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. அவர்கள் நம்மை மன்னித்துக்கொண்டே இருப்பது போலத் தோன்றும்.

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏய், நீயா? எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல கணக்கு ஓடி முடிஞ்சிடும்டி. அப்புறம் நீ உக்காந்துக்கோ, என்ன?" என்றாள். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் பாத்துக்கிறியா? பாத்ரூம் போயிட்டு ஓடி வந்துடுறேன். அஞ்சே நிமிஷம். என்னமோ ஒரு மாதிரி இருக்கு."

"நீ ஓடி வர்றதையும் பாத்துடலாம். போ," என்றேன்.

சிரித்துக்கொண்டே போனாள். திரையைப் பூட்டியிருந்தாள். மணி இரண்டு பத்து.

அந்தக் கழிப்பறையில் கடைசி அறையின் தாழ்ப்பாள் உள்ளே சிக்கிக்கொள்ளும். கீழ்த்தளத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளிருந்து திறக்காது, வெளியிலிருந்து கதவைத் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும். நத்தை அதிகம் கீழே வராதவள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோன்றியபோது அவள் தாழ்வாரத்தின் பாதியில்தான் இருந்தாள். குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

நான் குரல் கொடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஏழாவது நிமிடம் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மூன்று தட்டு, பிறகு இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று, இரண்டு. அறையில் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் காதில் இயர்போன் கம்பி. மீதிப் பேர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்கள், குனிந்தார்கள். எழுந்தால் இடம் போய்விடும் நாள் அது. இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே, அன்று நான் பதறவில்லை என்பது உங்களுக்குப் புரிகிறதா? என் வேலை முடிந்ததும் நானே போய்க் கதவைத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அவளும், "தேங்க்ஸ்டி" என்று சிரிப்பாள் என்று நினைத்தேன்.

பதினான்காவது நிமிடம் தட்டுவது நின்றது.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினாறாவது நிமிடம் பொறுப்பாளரிடம் போனேன். அவர் தலையைத் தூக்காமலே, "ஒன்பதாம் விதிதானே? எழுதிட்டுக் கையெழுத்துப் போடு," என்றார். எழுதினேன். கணினியை அணைத்துப் போட்டேன். அவள் காலையிலிருந்து ஓடவிட்டிருந்த கணக்கு போயிற்று. கால் இடித்ததால் மேசைக்கு அடியிலிருந்த அவள் பையைக் காலாலேயே சுவரோரம் தள்ளினேன். அவளுடைய போனும் இன்ஹேலரும் அந்தப் பையில் இருந்தன என்று பிறகு சொன்னார்கள்.

நான்கு ஐம்பதுக்கு ஒப்படைத்துவிட்டு நேராக விடுதிக்குப் போனேன். கதவைத் திறக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. மறந்தேனா, மறக்க விரும்பினேனா என்பதை நான்கு வருடங்களாக என்னையே கேட்டிருக்கிறேன். பதில் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். ஆறு மணிக்குத் துப்புரவுப் பெண் கதவைத் தூக்கித் தள்ளியபோது அவள் தரையில் உட்கார்ந்த நிலையில் இருந்தாளாம். நகங்கள் உடைந்திருந்தனவாம்.

விசாரணை நடந்தது. தாழ்ப்பாளைப் பற்றி நிறையப் பேசினார்கள். என்னைப் பற்றி ஒரு வரி. 'விதிமீறல் ஏதும் இல்லை.'

அதே மையத்தில் பொறுப்பாளர் வேலை வந்தபோது நான் மறுத்திருக்கலாம். கைக்குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் காப்பகம் தரும் வேலை வேறு கிடைக்கவில்லை. செத்துப்போனவள் எனக்கு என்ன செய்துவிட முடியும் என்று ஒரு திமிரும் இருந்தது.

முதல் நாள் பதினோரு மணி வரை ஒன்றும் இல்லை. ஒரு சுற்று வந்தேன். பதினேழாம் கணினியின் திரை பூட்டியிருந்தது. நாற்காலி காலி.

"இங்க யாருப்பா?" என்றேன்.

பக்கத்து இருக்கைப் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்காங்க மேடம்," என்றான்.

"எப்போ போனாங்க?"

"போகலியே."

நாற்காலியில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்தது போல. பையன் காதில் கம்பியை மாட்டிக்கொண்டான்.

நான் மேலே போனேன். பால் கொடுக்கும் நேரம். மார்பு கனத்து வலித்தது.

காப்பகத்து அக்கா என்னைப் பார்த்து விழித்தார். "என்ன மேடம், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"பால் குடுக்க வந்தேன்."

"மறுபடியுமா? இப்பத்தானே குடுத்தீங்க! கால் மணி நேரம்கூட ஆகல. பாப்பாவைத் தொட்டில்ல போட்டுட்டு, என்கிட்ட பேசாமக்கூடப் போனீங்க. வேலை டென்ஷன் போலன்னு நினைச்சேன்."

தொட்டிலில் என் மகள் வயிறு நிறைந்த முகத்தோடு படுத்திருந்தாள். கடைவாயில் பால் வழிந்து வெள்ளைக் கோடாகக் காய்ந்துகொண்டிருந்தது.

என் ரவிக்கை நனைந்திருந்தது. மார்பு அப்படியே கனத்திருந்தது.

அவளைத் தூக்கினேன். கழுத்து மடிப்பில் பால் வாடைக்கு அடியில் வேறொரு வாடை.

பினாயில்.

காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். காலையில் நான் குழந்தையை விட்டுச் சென்றதாகக் கையெழுத்திட்டது ஒன்பது மணி. அடுத்த வரியில் ஒன்பது பதினாறு. அதற்கு நேராக என் பெயர். என் கையெழுத்தே, ஆனால் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டது. பிறகு பத்து மணி ஐம்பத்தைந்து.

அன்று மாலைக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை நான். கீழே போய்விட்டுப் பதினாலே நிமிடத்தில் ஏறி வந்தேன். குழந்தை தனியாகக் கால் உதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பொக்கை வாயால் சிரித்தாள். மறுபடி போய்ப் பதினெட்டு நிமிடம் கழித்து வந்தேன். தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலி சூடாக இருந்தது. குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

பிறகு நான் ஓடத் தொடங்கினேன். கைபேசியில் பதின்மூன்று நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை படியேறினேன். மாணவர்கள் எனக்கு லிஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். "லிஃப்ட் மேல போகுது, லிஃப்ட் கீழ வருது." நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிச் சிரிக்கும்போது முகத்தில் எந்தெந்தத் தசை வலிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் கணவர் கேட்டார். "என்ன இது, குளிக்கப் போனாக்கூட போனை எடுத்துட்டுப் போறே? நான் பாத்துக்க மாட்டேனா? நானும் அவளுக்கு அப்பன்தானே."

அவருடைய இடத்தை யாரும் கேட்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எட்டாவது நாள் குழந்தையின் மூச்சில் அந்தச் சத்தம் வந்தது. மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் மெலிதாக ஒரு சீழ்க்கை. மருத்துவர் மார்பிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"நுரையீரல் பளிச்னு இருக்கு. வீசிங் எதுவும் இல்ல. குழந்தைங்க பக்கத்துல இருக்கறவங்க பண்ற சத்தத்தை அப்படியே திருப்பிப் பண்ணும். வீட்ல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?"

"இல்ல," என்றேன்.

மறுநாள், மையம் உணவு இடைவேளையில் காலியாகியிருந்தபோது, பதினேழாம் எண்ணுக்கு முன்னால் போய் நின்றேன். திரை பூட்டியிருந்தது.

"என்னை என்ன வேணா பண்ணு," என்றேன். "அவளை விட்டுடு. ஒரு அட்டவணைக்காகப் பண்ணிட்டேன்டி."

திரை அப்படியே இருந்தது. பேசும்போதே என் குரலில் ஒரு கணக்கு இருப்பது எனக்கே கேட்டது. மன்னிப்புக் கேட்டால் மன்னித்துவிடும் பெண்தானே என்ற கணக்கு.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

மூன்று தட்டு. இரண்டு தட்டு.

நான்கு வருடங்களுக்கு முன் போகாத தூரத்தை அன்று ஓடினேன். எனக்கு ஒரு நம்பிக்கை. இந்தக் கதவைத் திறந்துவிட்டால் போதும், அவள் எதிர்பார்ப்பது இதைத்தான் என்று. கடைசி அறை. கதவைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினேன். திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. தரை ஈரம். கதவின் உட்புறம் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் கீறல்கள். குனிந்து பார்க்க ஒரு அடி உள்ளே வைத்தேன்.

கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

கைபேசி மேசையில் இருந்தது. தட்டினேன். கத்தினேன். கொஞ்ச நேரத்தில் மாணவர்கள் சாப்பிட்டுத் திரும்பும் காலடிகள் கேட்டன. பேச்சு, சிரிப்பு, நாற்காலிகள் இழுபடும் ஓசை. உள்ளிருந்து எல்லாமே தெளிவாகக் கேட்டது. அப்படியானால் அன்று அவளுக்கும் கேட்டிருக்கும். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது உட்பட.

"யாரோ தட்டுறாங்கடா."

"யாராவது திறப்பாங்க. நீ எழுந்தா உன் சிஸ்டம் போயிடும்."

அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் என்னை உடைத்தது.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு முதலாண்டுப் பெண் கை கழுவ வந்தாள். கதவைத் தூக்கித் தள்ளினாள். இருபத்திரண்டு படிகளையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

காப்பகத்து அக்கா வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மேடம்," குரல் தேய்ந்துபோயிருந்தது. "நீங்க... நீங்க உள்ளதானே உக்காந்திருந்தீங்க?"

உள்ளே தொட்டிலுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அதன் மெத்தை அமுங்கியிருந்தது. என் மகள் அதைப் பார்த்துக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவளைத் தூக்கினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரும் புது ஆளைக் குழந்தைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு உதடு பிதுங்கியது. வீறிட்டு அழத் தொடங்கினாள். நான் இறுக்க இறுக்க, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு என்னிடமிருந்து விலகினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் படுக்க வைத்ததும் அழுகை நின்றது.

அன்றே வேலையை விட்டேன்.

இரண்டு மாதம் ஆகிறது. அவள் என் பாலைக் குடிப்பதில்லை. புட்டிப்பாலும் தொடுவதில்லை. ஆனால் எடை ஏறுகிறது. மருத்துவர் என்னைப் பாராட்டுகிறார். "தாய்ப்பால் மாதிரி வராதும்மா," என்கிறார். எனக்குப் பால் வற்றி ஆறு வாரம் ஆகிவிட்டது.

"குழந்தைங்க சில சமயம் அப்படித்தான், பழகிடும்," என்கிறார் கணவர். நேற்று அவரே, வேறெதையோ தேடுவது போல அலமாரியைத் துழாவியபடி, "ராத்திரி தொட்டில்கிட்ட உக்காந்து பாடறியே, அது என்ன பாட்டு?" என்று கேட்டார். "நல்லாருக்கு. நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குது."

நான் பாடியதில்லை.

விதி எனக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நத்தையும் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கையை விட்டு விலகினால் நான் போய் உட்காரலாம். கேட்க ஆளில்லை, கையெழுத்துப் போட்டால் போதும். அதனால் தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தொட்டிலருகே போட்டிருக்கும் நாற்காலியின் மெத்தை நிமிர்ந்தால் அவள் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். குழந்தை சிணுங்கும். நான் எண்ணத் தொடங்குவேன்.

ஐந்து நிமிடம். சில நாட்களில் எட்டு. அவள் வேண்டுமென்றேதான் போகிறாள் என்று நினைக்கிறேன். நான் எண்ணுவதை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று மதியம் பதினான்கு நிமிடம் ஆயிற்று. குழந்தை பசியில் கத்திக் கத்தி நீலம் பாரித்துவிட்டாள். தூக்கியிருக்கலாம். நான் தூக்கவில்லை. நடுவில் தொட்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குமோ என்று பயமாக இருந்தது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐம்பது நொடி. நாற்பது.

குழந்தையின் அழுகை நின்றது.

அவள் வாசல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தாள்.